ஆசிரியர் இறந்த ஊர்: மாதொருபாகனும் திறனாய்வுக் கோட்பாடுகளும்

தமிழ் முதுகலை படிப்பவர்களுக்கு "ஆசிரியரின் மரணம்" என்ற தொடர் நன்றாகத் தெரிந்திருக்கும். திறனாய்வுத் தாளில் அடிக்கடி எட்டிப் பார்க்கும் கேள்வி. பிரெஞ்சு அறிஞர் ரொலான் பார்த் 1967ல் எழுதிய கட்டுரையின் தலைப்பு அது. ஒரு நூலுக்கு என்ன பொருள் என்று அதை எழுதியவரிடம் போய்க் கேட்க வேண்டியதில்லை, எழுதி முடித்ததோடு அவர் வேலை முடிந்தது, இனி பொருள் கொள்ள வேண்டியவர் வாசகரே என்பது அதன் சாரம். இதை ஒன்றரைப் பக்கம் எழுதினால் மதிப்பெண் கிடைத்துவிடும். அத்துடன் மறந்தும் விடும்.

ஆனால் 2015 ஜனவரியில் இந்தத் தொடர் நாமக்கல்லில் உண்மையாகவே ஒலித்தது. அங்கே அரசு கலைக் கல்லூரியில் தமிழ் கற்பித்துக்கொண்டிருந்த பேராசிரியர் ஒருவர், எழுத்தாளன் பெருமாள்முருகன் இறந்துவிட்டான் என்று முகநூலில் அறிவித்தார். அவன் கடவுள் அல்ல, ஆகவே உயிர்த்தெழப் போவதில்லை, இனி பெ. முருகன் என்ற சாதாரண ஆசிரியன் மட்டுமே இருப்பான் என்றும் எழுதியிருந்தார். அறிவித்தவரும் அவரேதான்.

பாரிசில் ஒரு கோட்பாடாகப் பிறந்த வாக்கியம் கொங்கு மண்ணில் ஏன் ஒரு மனிதரின் வாழ்க்கையாக மாறியது? அந்த நாவலைத் திறனாய்வுப் பள்ளிகள் ஒவ்வொன்றாக எடுத்து வாசித்தால் என்ன தெரியும்? இந்தக் கட்டுரை அதைத்தான் பார்க்கிறது. (நாவலைப் படிக்காதவர்கள் கவனிக்க: கதை முழுவதும் கீழே வருகிறது. முடிவு தெரியக்கூடாது என்று நினைப்பவர்கள் முதலில் நாவலைப் படித்துவிட்டு வரவும்!)

நடந்தது என்ன?

"மாதொருபாகன்" 2010ல் காலச்சுவடு வெளியீடாக வந்தது. 2013ல் அனிருத்தன் வாசுதேவனின் ஆங்கில மொழிபெயர்ப்பைப் பெங்குவின் வெளியிட்டது. நான்கு ஆண்டுகள் எந்தச் சச்சரவும் இல்லை. 2014 டிசம்பரில்தான் திருச்செங்கோட்டில் எதிர்ப்பு கிளம்பியது. நாவலின் சில பக்கங்கள் மட்டும் நகலெடுக்கப்பட்டு ஊருக்குள் பரவின. புத்தகம் எரிக்கப்பட்டது. நாவலைத் தடை செய்ய வேண்டும், ஆசிரியரைக் கைது செய்ய வேண்டும் என்று இந்து அமைப்புகளும் சாதி அமைப்புகளும் கோரின. 2015 ஜனவரி 9 அன்று ஊரில் கடையடைப்பு நடந்தது. ஜனவரி 12 அன்று நாமக்கல் மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தில் "சமாதானப் பேச்சு" என்ற பெயரில் கூட்டம். நிபந்தனையற்ற வருத்தம் தெரிவித்து, விற்காத படிகளைத் திரும்பப் பெறுவதாக ஆசிரியர் கையெழுத்திட்டார். அதைத் தொடர்ந்துதான் அந்த மரண அறிவிப்பு.

பிறகு வழக்கு சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் கலைஞர்கள் சங்கத்தின் சார்பில் ச. தமிழ்ச்செல்வன் தொடுத்த மனுவும், எதிர்த் தரப்பின் மனுக்களும் சேர்த்து விசாரிக்கப்பட்டன. 2016 ஜூலை 5 அன்று தலைமை நீதிபதி சஞ்சய் கிஷன் கவுல், நீதிபதி புஷ்பா சத்தியநாராயணா அமர்வு தீர்ப்பளித்தது. பேச்சுவார்த்தையில் எழுதி வாங்கியது ஆசிரியரைக் கட்டுப்படுத்தாது என்றது. நாவலுக்கு எதிரான குற்ற வழக்கைத் தள்ளுபடி செய்தது. ஆசிரியர் மீண்டும் எழுத வேண்டும் என்ற விருப்பத்தோடு தீர்ப்பை முடித்தது.

கதை

விடுதலைக்கு முந்தைய காலம். இன்றைய நாமக்கல் மாவட்டம் 1997 வரை சேலம் மாவட்டத்தோடு இருந்தது. அந்தப் பழைய சேலம் மாவட்டத்தின் திருச்செங்கோட்டுப் பகுதியில் மேட்டாங்காட்டை நம்பி வாழும் கவுண்டர் குடும்பம் ஒன்று. காளி, பொன்னா தம்பதி. ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு பிரியம். திருமணமாகிப் பத்தாண்டுகளுக்கு மேலாகியும் குழந்தை இல்லை. வேண்டாத சாமி இல்லை. மலை உச்சியில் இருக்கும் வறடிக்கல்லைக்கூடப் பொன்னா உயிரைப் பணயம் வைத்துச் சுற்றி வருகிறாள்.

மலைமேல் இருக்கும் சாமி அர்த்தநாரீசுவரர், அதாவது உடலில் பாதியைப் பெண்ணுக்குத் தந்தவர். மாதொருபாகன் என்பது அவர் பெயர்தான். அவருடைய வைகாசித் தேர்த் திருவிழாவில் சாமி மலையேறும் இரவு, குழந்தையில்லாத பெண்கள் முகமறியாத ஓர் ஆணோடு கூடலாம், அப்படிப் பிறப்பது சாமி கொடுத்த பிள்ளை என்று ஒரு வழக்கம் நாவலில் வருகிறது. காளியின் அம்மா சீராயி, பொன்னாவின் அம்மா, பொன்னாவின் அண்ணன் முத்து எல்லோரும் சேர்ந்து அவளை அனுப்ப முடிவெடுக்கிறார்கள். காளிக்குச் சம்மதம் இல்லை. அவன் சம்மதித்துவிட்டதாகப் பொன்னாவிடம் பொய் சொல்லப்படுகிறது. முத்து தன் நண்பனும் மச்சானுமான காளியைக் குடிக்க அழைத்துக்கொண்டு போய்விடுகிறான். பொன்னா திருவிழாவுக்குப் போகிறாள். காளிக்கு விஷயம் தெரியவரும்போது எல்லாம் முடிந்துவிட்டது. தொண்டுப்பட்டிப் பூவரச மரத்தடியில் அவன் உடைந்து கிடக்கிறான். அடுத்து என்ன என்பதைச் சொல்லாமலே நாவல் முடிகிறது.

சரி, இனி கோட்பாடுகளுக்கு வருவோம்.

பிரதியை மட்டும் பார்: அலசல் விமர்சனம்

சி.சு. செல்லப்பா 1959ல் "எழுத்து" இதழைத் தொடங்கியபோது, பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்வது விமர்சனம் ஆகாது, படைப்பைப் பகுத்துக் காட்ட வேண்டும் என்றார். அலசல் விமர்சனம் என்று அதற்குப் பெயர். இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் அதற்கு முன்பே வளர்ந்திருந்த புதுத் திறனாய்வின் உறவினர் இது. அமெரிக்காவின் விம்சாட்டும் பியர்ட்ஸ்லியும் 1946லேயே, ஆசிரியரின் நோக்கத்தை வைத்துப் படைப்பை அளப்பது பிழை என்று எழுதிவிட்டார்கள். ஆக, ஆசிரியரை வெளியே அனுப்பும் வேலை பார்த்துக்கு இருபது ஆண்டுகளுக்கு முன்பே ஆரம்பித்துவிட்டது.

இந்தக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தால் முதலில் தெரிவது பூவரச மரம். நாவல் தொடங்கும்போது மாமனார் வீட்டு வாசலில் பூவரசு செழித்து நிற்கிறது. கல்யாணமான புதிதில் காளி கொண்டுவந்து நட்ட கொம்பு அது. கொம்பு மரமாகிவிட்டது, அதே காலத்தில் வயிறு மட்டும் நிறையவில்லை. முடிவிலும் ஒரு பூவரசு இருக்கிறது, அதன் அடியில் காளி கிடக்கிறான். வளர்ச்சியின் அடையாளமாக வந்த மரம் கடைசியில் அச்சமூட்டும் மரமாகிறது. தலைப்பிலும் ஒரு முரண் இருக்கிறது. ஆணும் பெண்ணும் பிரிக்க முடியாமல் ஒட்டிய சாமியின் திருவிழாதான் ஆணையும் பெண்ணையும் பிரிக்கிறது.

இந்த முறையின் பலம் இதுதான், புத்தகத்தை முழுசாகப் படிக்கச் சொல்லும். பலவீனமும் உண்டு. மரத்தைப் பார்க்கும், அந்த மரம் நிற்கும் காடு யாருடையது என்று கேட்காது.

காடு யாருக்கு? மார்க்சியம்

அந்தக் கேள்வியைக் கேட்டவர்கள் மார்க்சியர்கள். தமிழில் தொ.மு.சி. ரகுநாதன், 1969ல் "ஆராய்ச்சி" இதழைத் தொடங்கிய நா. வானமாமலை, இலங்கையிலிருந்து க. கைலாசபதி, கா. சிவத்தம்பி என்று வலுவான மரபு இது. நாமக்கல் பகுதியின் கு. சின்னப்ப பாரதி "தாகம்", "சர்க்கரை" போன்ற நாவல்களை இந்தப் பார்வையோடே படைத்தவர்.

மார்க்சிய வாசிப்பில் மாதொருபாகன் ஒரு சொத்து நாவல். பிள்ளை இல்லாத வீட்டின் காட்டை யார் எடுத்துக்கொள்வது என்று பங்காளிகள் காத்திருக்கிறார்கள். ஊர் பேசும் பேச்சுக்கெல்லாம் அடியில் இந்தக் கணக்கு ஓடுகிறது. கொங்கு நாவலின் முன்னோடியான ஆர். சண்முகசுந்தரத்தின் "நாகம்மாள்" (1942) நாவலிலும் கொழுந்தனிடம் விதவை கேட்கும் நிலப் பங்குதான் கொலையில் போய் முடிகிறது. மண்தான் இந்தப் பகுதியின் கதைகளை நகர்த்துகிறது.

ஆனால் இங்கே ஒரு சுவாரசியமான சிக்கல். தன் சொத்து தன் இரத்தத்துக்கே போய்ச் சேர வேண்டும் என்ற ஆணின் தேவையிலிருந்துதான் ஒருதார மணம் வந்தது என்று எங்கெல்ஸ் 1884ல் எழுதினார். மாதொருபாகனில் நடப்பது தலைகீழ். சொத்துக்கு வாரிசு வேண்டும் என்பதற்காக, இரத்தம் வேறாக இருந்தாலும் பரவாயில்லை என்று குடும்பமே முடிவு செய்கிறது. சொத்தின் தேவை கற்பின் விதியையே வளைக்கிறது. இந்தக் கோட்பாட்டை இந்த நாவலோடு உரசிப் பார்க்கும்போது கோட்பாடும் கொஞ்சம் திருத்தப்படுகிறது. எந்தக் கோட்பாட்டுக்கும் இதுதான் நல்ல சோதனை.

அம்பிகையிலிருந்து பொன்னா வரை: அமைப்பியல்

1982ல் தமிழவன் எழுதிய "ஸ்ட்ரக்சுரலிசம்" நூல் தமிழில் பெரிய விவாதத்தைக் கிளப்பியது. கதைக்குள் யார் இருக்கிறார்கள் என்பதைவிட, எந்தெந்த எதிர்நிலைகள் கதையைத் தாங்குகின்றன என்று அமைப்பியல் பார்க்கும். மலை - சமவெளி, பகல் - இரவு, வீடு - திருவிழா, கணவன் - சாமி. பகலில் சமவெளியில் குற்றமாக இருப்பது, இரவில் மலையடிவாரத்தில் வரமாகிறது. ரஷ்ய அறிஞர் பக்தின் 'கார்னிவல்' என்று சொன்னதும் இதைப் போன்றதுதான். ஒரு நாள் மட்டும் விதிகள் தலைகீழாகும். மறுநாள் பழைய விதிகளே திரும்பி வந்துவிடும்.

இந்த வடிவம் புதிதல்ல. மகாபாரதத்தில் விசித்திரவீரியன் பிள்ளையில்லாமல் இறந்ததும், மாமியார் சத்தியவதி மருமகள்களை வியாசரிடம் அனுப்புகிறாள். அம்பிகை பயத்தில் கண்ணை மூடிக்கொள்கிறாள், அதனால் திருதராட்டிரன் குருடனாகப் பிறக்கிறான். நியோகம் என்று அதற்குப் பெயர். வாரிசில்லாத குலம், முடிவெடுக்கும் மாமியார், தெய்வத்தன்மை கொண்ட அந்நிய ஆண், கடைசி வரை யாரும் சரியாகக் கேட்காத பெண்ணின் மனம். நான்கும் அப்படியே பொருந்துகின்றன. இரண்டு பெயர்களை மாற்றினால் அஸ்தினாபுரம் திருச்செங்கோடாகிவிடும். இதிகாசமாக இருந்தால் கதை, பக்கத்து ஊராக இருந்தால் அவதூறு என்று ஏன் ஆகிறது? அமைப்பியலிடம் இதற்குப் பதில் இல்லை. அது வடிவத்தைக் காட்டுவதோடு நின்றுவிடும்.

யாரைக் கேட்டார்கள்? பெண்ணியம்

குழந்தை இல்லை என்றதும் வறடி என்ற பட்டம் உடனே பொன்னாவுக்கு வந்துவிடுகிறது. நல்ல காரியங்களில் அவளை ஒதுக்குகிறார்கள். காளிக்கும் கேலிப் பேச்சு உண்டு. ஆனால் அவனுக்கு இன்னொரு கல்யாணம் என்ற வழி திறந்தே இருக்கிறது, அவளுக்கு அது கிடையாது.

அமெரிக்க அறிஞர் ஈவ் செட்விக் 1985ல் ஒரு பார்வையை முன்வைத்தார். பல இலக்கியங்களில் பெண் என்பவள் இரண்டு ஆண்களுக்கு இடையில் நடக்கும் உறவின் பாலம் மட்டுமே. காளி, முத்து என்ற இரண்டு நண்பர்களை இப்படிப் பார்த்தால் நாவலின் மையமே நகர்ந்துவிடும். இறுதியில் காளியைத் துடிக்க வைப்பதில் மனைவி பிரிந்த வலியோடு நண்பன் செய்த துரோகமும் சேர்ந்திருக்கிறது.

எல்லாவற்றையும்விட முக்கியமான கேள்வி சம்மதம். கணவன் சரி என்றால் போகிறேன் என்பதுதான் பொன்னாவின் நிலை. அந்தச் சரி பொய்யாகச் சொல்லப்பட்டது. எனவே அவள் சம்மதம் பொய்யின் மேல் நிற்கிறது. அதே சமயம் திருவிழாக் கூட்டத்துக்குள் போனபின், வருகிறவனை மறுக்கவும் ஒருவனை ஏற்கவும் முடிவெடுப்பது அவள்தான். ஏமாற்றப்பட்டவளும் தேர்ந்தெடுப்பவளும் ஒருத்தியே. நாவலின் மிக நுட்பமான இடம் இது. ஊர்ப் பெண்களை இழிவுபடுத்திவிட்டது என்பது எதிர்ப்பாளர்களின் முக்கியமான குற்றச்சாட்டு. ஆனால் பொன்னாவுக்கு என்ன நடந்தது, அவளிடம் யார் பொய் சொன்னார்கள் என்ற கேள்வி அந்த விவாதத்தில் கிட்டத்தட்ட எழவே இல்லை.

இருட்டில் யார்? தலித்தியம்

1990களில் "நிறப்பிரிகை" இதழ் நடத்திய விவாதங்களும், ராஜ் கௌதமனின் நூல்களும் தமிழ்த் திறனாய்வுக்கு ஒரு புதிய கேள்வியைக் கொடுத்தன: இந்தப் பிரதியில் சாதி எங்கே ஒளிந்திருக்கிறது?

மாதொருபாகனில் அது ஒளியவே இல்லை. காளி மறுப்பதற்குச் சொல்லும் காரணங்களில் ஒன்று, திருவிழாவில் சுற்றுகிற இளைஞர்களில் தீண்டப்படாத சாதியினரும் பாதிப் பேர் இருப்பார்களே என்பது. அப்படி நடந்துவிட்டால் பிறகு மனைவியைத் தொடவே முடியாது என்று நினைக்கிறான். மற்ற எல்லா இடங்களிலும் நம் அனுதாபத்தைப் பெறும் அன்பான காளிதான் இதையும் சொல்கிறான். அன்பும் தீண்டாமையும் ஒரே நெஞ்சில் இருக்க முடியும் என்று நாவல் காட்டும் இடம் இது.

1916ல் அம்பேத்கர் நியூயார்க்கில் வாசித்த கட்டுரை, அகமணம்தான் சாதியின் சாரம் என்றும், பெண்ணைக் கட்டுப்படுத்தியே அது காப்பாற்றப்படுகிறது என்றும் விளக்கியது. அப்படியென்றால் முகமும் பெயரும் சாதியும் தெரியாத ஒரு இருட்டு, சாதிக்கு எவ்வளவு பெரிய அச்சம்! 2014ன் கோபத்தில் இந்த அச்சத்துக்கும் பங்கு இருந்தது என்று பலரும் எழுதினார்கள்.

தலித்தியம் ஆசிரியரையும் விடாது. இந்த நாவலில் தலித்துகள் யாருடைய கண்ணில் தெரிகிறார்கள் என்று கேட்கும். பெரும்பாலும் காளியின் கண்ணில். அதே ஆசிரியரின் "கூளமாதாரி" (2000) பண்ணையத்தில் ஆடு மேய்க்கும் அருந்ததியச் சிறுவனை நடுவில் நிறுத்துகிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் படித்தால்தான் மேட்டாங்காட்டின் முழுப் படமும் கிடைக்கும்.

கதையா, வரலாறா?

இனி எதிர்ப்பாளர்கள் பக்கமிருந்தும் ஒரு கேள்வி. அவர்கள் தரப்பில் நியாயமே இல்லையா? நாவல் உண்மையான ஊரின் பெயரைச் சொல்கிறது. உண்மையான கோயிலைச் சொல்கிறது. களஆய்வு செய்து எழுதியதாக ஆசிரியரே சொல்லியிருந்தார். அப்படியென்றால் ஆதாரம் எங்கே என்று ஊர்க்காரர்கள் கேட்டார்கள். திருச்செங்கோடு சாதாரண ஊரா? சம்பந்தர் கொடிமாடச் செங்குன்றூர் என்று பாடிய தலம். இன்று ரிக் வண்டிகளால் நாடு முழுக்கத் தெரிந்த ஊர். உன் பாட்டி என்ன செய்தாள் என்று நாளை யாராவது கேட்டால் என்ன சொல்வது என்ற கூச்சம் அங்கே பலருக்கு இருந்திருக்கும். அதைச் சிரித்து ஒதுக்க முடியாது.

1980களில் வந்த புதிய வரலாற்றியல் இங்கே உதவும். இலக்கியம் ஒரு பக்கம், வரலாறு ஒரு பக்கம் என்று கோடு போட முடியாது, இரண்டும் ஒன்றையொன்று உருவாக்குகின்றன என்பது அதன் நிலை. ஏழை வீட்டுப் பெண்கள் இரவில் எங்கே போனார்கள் என்று கல்வெட்டில் யாரும் பொறிக்க மாட்டார்கள். அரசாங்க ஆவணத்திலும் இருக்காது. வாய்மொழி வழக்குகள்தான் மிஞ்சும். ஆவணம் இல்லை என்பதால் நடக்கவில்லை என்று ஆகிவிடாது. அதே போல, நாவலில் இருப்பதால் நடந்தது என்றும் ஆகிவிடாது. நாவல் ஒரு சாத்தியத்தைச் சொல்கிறது. அதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டவர்கள் இரண்டு பக்கமும் இருந்தார்கள். "இப்படித்தான் அந்தக் காலத்தில் நடந்தது" என்று ஆதரித்தவர்களும் ஒருவகையில் அதே தவறைத்தான் செய்தார்கள்.

நம் கையில் இருக்கும் கோட்பாடு: திணை

இதுவரை வந்தவற்றில் பல வெளியிலிருந்து வந்தவை. தமிழுக்கென்று ஒன்று இல்லையா? தொல்காப்பியத்தின் திணைக் கோட்பாடு இருக்கிறது. நிலம், பொழுது, அங்கே வாழும் உயிர்கள், மனித உணர்வு எல்லாவற்றையும் ஒரே கயிற்றில் கட்டும் முறை அது.

காளியின் தொண்டுப்பட்டி ஆடும் மாடும் அடைந்திருக்கும் இடம், அதாவது முல்லை. முல்லையின் உரிப்பொருள் இருத்தல், பொறுமையாகக் காத்திருப்பது. காளியும் பொன்னாவும் ஆண்டுக்கணக்கில் செய்வது அதைத்தான். மலை குறிஞ்சி. அதன் உரிப்பொருள் புணர்தல். மலையை அண்டித்தான் அந்த இரவு நடக்கிறது. பாலைக்குத் தனி நிலம் கிடையாது, வறட்சியில் முல்லையும் குறிஞ்சியும் தம் இயல்பு கெட்டுத்தான் பாலை உண்டாகிறது என்று சிலப்பதிகாரம் விளக்கும். பாலையின் உரிப்பொருள் பிரிவு. நாவலின் கடைசிப் பக்கத்தில் நடப்பது அதுவே. முல்லையின் காத்திருப்பும் குறிஞ்சியின் கூடலும் ஒரே இரவில் திரிந்து, தொண்டுப்பட்டி பாலையாகிறது.

மழையை எதிர்பார்த்தே வாழும் மேட்டுநிலத்தில் இந்தத் திரிபு நிலத்துக்கும் பொருந்தும், மனசுக்கும் பொருந்தும். ஆனால் திணைக்கும் எல்லை உண்டு. அந்த மரபில் தலைவன் பரத்தையிடம் போவான். வீட்டாரே அனுப்பி வைக்க, தலைவி இன்னொருவனிடம் போகும் சூழலுக்கு அதில் இடமே இல்லை. பொன்னாவுக்கு ஐந்திணையில் ஒரு வீடு கிடைக்கவில்லை.

இறந்தது யார்?

மறுபடியும் ஆரம்பித்த இடத்துக்கு வரலாம். ஆசிரியரின் மரணத்தை விலையாகக் கொடுத்துத்தான் வாசகர் பிறக்க முடியும் என்று பார்த் கருதினார். நாமக்கல்லில் ஆசிரியர் இறந்தார். வாசகர் பிறந்தாரா? நகலெடுத்த சில பக்கங்களைக் கையில் வைத்திருந்தவர்களுக்குப் பூவரசு தெரியாது, சீராயி தெரியாது, பொய்யால் வாங்கிய சம்மதம் தெரியாது. கோபம் இருந்தது, ஆனால் வாசிப்பு நடக்கவே இல்லை.

பார்த்தைவிட மிஷேல் ஃபூக்கோ இங்கே சரியாகப் பொருந்துகிறார். 1969ல் "ஆசிரியன் என்பது என்ன" என்று கேட்ட அவர், எழுதியவரைத் தண்டிக்க முடியும் என்ற நிலை வந்தபோதுதான் நூல்களுக்கு ஆசிரியர் என்ற உரிமையாளர் உண்மையில் உருவானார் என்றார். தண்டிக்க ஒரு பெயர் வேண்டும். ஆட்சியர் அலுவலகத்தில் கையெழுத்துப் போட ஒரு கை வேண்டும். பெருமாள்முருகன் செய்தது, அந்தப் பெயரைத் தன்னிடமிருந்து கழற்றி வைத்தது. எழுதுகிற பெருமாள்முருகன் வேறு, சம்பளம் வாங்கும் பெ. முருகன் வேறு என்று பிரித்தார். கோட்பாட்டில் சொல்லப்படும் பிரிவினையை ஒரு மனிதர் தன் உயிரையும் குடும்பத்தையும் காப்பாற்றிக்கொள்ளச் செய்ய வேண்டியிருந்தது.

நீதிமன்றமும் ஒரு வாசகர்தான். நீதிபதிகள் நாவலை முழுமையாக எடுத்துக்கொண்டு பேசினார்கள். சில பக்கங்களைப் பிய்த்துப் பார்க்கவில்லை. பிடிக்காவிட்டால் படிக்க வேண்டாம், ஆனால் எழுதியவரை எழுத விடாமல் செய்ய முடியாது என்பது அதன் சாரம். செல்லப்பாவின் அலசல் விமர்சனத்துக்குச் சென்னை உயர் நீதிமன்றத்தில் கிடைத்த வெற்றி என்று இதை வேடிக்கையாகச் சொல்லலாம்.

2016ல் "கோழையின் பாடல்கள்" கவிதைத் தொகுப்போடு பெருமாள்முருகன் திரும்பி வந்தார். பின்னாளில் சேலம் மாவட்டத்திலேயே ஆத்தூர் அரசு கலைக் கல்லூரியில் முதல்வராகவும் இருந்தார். "பூக்குழி"யின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2023ல் சர்வதேச புக்கர் பரிசின் நெடும்பட்டியலில் இடம்பெற்றது.

மாதொருபாகனுக்கு அவர் எழுதிய இரண்டு தொடர்ச்சிகளை இங்கே நினைத்துப் பார்க்க வேண்டும். "ஆலவாயன்", "அர்த்தநாரி" இரண்டும் 2014லேயே, சர்ச்சை வெடித்த சமயத்தில் வந்தவை. ஒன்றில் காளி இறந்துவிடுகிறான். மற்றொன்றில் பிழைத்துக்கொள்கிறான். ஒரே முடிவிலிருந்து இரண்டு கதைகள், இரண்டும் உண்மை. தன் நாவலுக்கே ஒற்றைப் பொருள் கிடையாது என்று ஆசிரியரே சொல்லிவிட்ட மாதிரி.

கோட்பாடுகளைப் படித்து என்ன பயன் என்று கேட்பவர்களுக்குத் திருச்செங்கோட்டில் பதில் இருக்கிறது. அலசல் மரத்தைக் காட்டியது, மார்க்சியம் காட்டைக் காட்டியது, பெண்ணியம் பொய்யைக் காட்டியது, தலித்தியம் இருட்டில் இருந்த பயத்தைக் காட்டியது, திணை பாலையைக் காட்டியது. எதுவுமே முழு நாவலையும் காட்டிவிடவில்லை. ஒன்று விட்டதை இன்னொன்று பிடித்தது. ஒரு புத்தகத்துக்கு ஒரே ஒரு பொருள்தான் என்று ஊர் முடிவு கட்டியபோது புத்தகம் எரிந்தது, எழுதியவர் தன் பெயரை இழந்தார். இன்னொரு விதமாகவும் படிக்கலாம் என்று சொல்ல ஆட்கள் இருக்கும்வரை ஒரு நாவலை அவ்வளவு எளிதில் கொன்றுவிட முடியாது. தேர்வில் மதிப்பெண் வாங்குவதைவிட இது பெரிய விஷயம்தான்.